மரச் சந்தூக்கும் கற்பூரத் தைலமும்

ஜூன் 10, செவ்வாய்

மைதீன் பிச்சை. இது நான். இந்த நோட்டில் முதலில் எழுதியது என் பெயரைத்தான். எழுபது வயதைத் தாண்டிய ஒருவன் தன் பெயரைத் தானே எழுதித் தானே படித்துப் பார்ப்பது எவ்வளவு ருசியான காரியம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது.

சின்ன வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்தவன் நான். அரபு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. தமிழுக்கு அர்த்தமெல்லாம் தெரியும், எழுத்து தெரியாது. இப்படியே செங்கோட்டை மரக்கடைகளில் தடி சுமந்து காலம் போய்விட்டது. போன வருஷம் என் கூட்டாளி உதுமான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். மறுநாளே ஒரு சிலேட்டை வாங்கி வந்து, "உக்காருல, இன்னைக்கு அனா" என்றான். அவன் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவுக்கே கடிதம் படித்துச் சொன்னவன். எனக்கு இத்தனை வருஷமாகப் பேப்பர் படித்துச் சொன்னவன். திடீரென்று என்ன அவசரமோ, ஒரு நாள் விடாமல் பாடம் நடத்தினான். "நாளைக்குப் பாத்துக்கிடலாம்ல" என்று சொன்னால் கோபம் வரும். இந்த நோட்டும் அவன் கொடுத்ததுதான். எழுதாவிட்டால் எழுத்து காலை வாரிவிடுமாம்.

உதுமான் இன்று நன்றாக இருக்கிறான். அரை இட்லி சாப்பிட்டான்.

பிற்பகல் அஸர் தொழுகை முடித்து உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதுவதற்குள் அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறார்கள். விரல் வலிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 11, புதன்

நேற்று முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். பெயர் எழுதிய சந்தோஷம்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு மரச் சந்தூக்கு இருக்கிறது. மவுத்தானவர்களை அதில் வைத்துத்தான் அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போவோம். வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அது ஒன்றுதான். நல்ல தேக்கு. ஆனால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி மரம் வெளுத்து, வெடித்து, சிராய் எழும்பிவிட்டது. போன ஜனாஸாவில் தோள் கொடுத்த ஒருவருக்குச் சிராய் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. ஆகவே எவர்சில்வரில் புதிது வாங்க வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்சு. துபாயில் இருக்கும் ஒருவர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இதை உதுமானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"பிச்சை, எனக்கு ஒரு காரியம் செய்வியா?"

"சொல்லு."

"என்னை அந்தத் தகரத்துல வச்சுத் தூக்கக் கூடாது. மரத்துலதான் நான் போவணும். நீ அதைச் சரி பண்ணு."

"நீ இப்ப எங்கல போற?"

"இப்ப இல்லல, மடையா. என்னைக்காவது ஒரு நாள். அன்னைக்கு வந்து நீ மரத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருப்பியா?"

அவன் சொன்னது நியாயம்தான். எதையும் முன்கூட்டியே செய்து வைப்பது நல்ல பழக்கம். பள்ளிவாசல் பொறுப்பைப் பார்க்கிற முத்தவல்லி மசூது ராவுத்தரைப் போய்ப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவினார்.

"செய்யும். வேண்டாங்கல. ஜூலை மொத வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு நான் வந்து பாப்பேன். ஒரு சிராய் இருந்தாலும் அது அடுப்புக்குத்தான், சொல்லிட்டேன்."

ஜூன் 12, வியாழன்

சந்தூக்கை அதன் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தேன். பாங்கு சொல்கிற மோதினார் தூரத்தில் நின்றுகொண்டார். தேவையில்லாமல் அதைத் தொட்டால் அடுத்து அது நம்மையே கேட்கும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அதனால்தான் இத்தனை வருஷமாக யாரும் அதற்கு ஒரு கை எண்ணெய் வைக்கவில்லை.

வீட்டில் ரகுமத் காதில் விஷயம் விழுந்துவிட்டது. "ஊருல உள்ள மரமெல்லாம் தீந்துபோச்சா? அதைப் போயித் தடவிக்கிட்டு இருக்கீங்க. குளிக்காம வாசப்படி ஏறக் கூடாது, ஆமா" என்றாள். குளித்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கோபத்திலும் வெந்நீர் வைக்கிற மனைவி வாய்ப்பது பெரிய பாக்கியம்.

பிறகு சங்கரலிங்க ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள நல்லாத்தான் இருக்கு பாய். மேல தாகம். உப்புத்தாள் போட்டு இழைச்சுட்டு, லின்சீடு எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசும். வெறும் எண்ணெய்னா மேலயே நின்னு பிசுபிசுங்கும். டர்பன்டைன்தான் அதை உள்ள கூட்டிக்கிட்டுப் போவும். ஆனா நல்ல டர்பன்டைனா வாங்கும்."

"நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"மோந்து பாத்தா தெரியும்."

இதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

ஜூன் 14, சனி

தென்காசிக்குப் போனேன். பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயரை நானே படித்து ஏறினேன். பக்கத்தில் நின்ற அம்மா, "இது தென்காசி போவுமா?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம். "போகும் தாயி, எழுதியிருக்கு பாருங்க" என்றேன். இறங்கும் வரை வாயை மூட முடியவில்லை எனக்கு, சிரிப்பு.

பெயிண்டுக் கடையில் டர்பன்டைன் கேட்டதும் தகர டப்பாவை எடுத்து வைத்தான். "நல்லதா தம்பி?" என்றேன். "நம்பர் ஒன் பாய்" என்றான். மோந்து பார்த்தேன். மூக்கைத் துளைத்தது. துளைத்தால் நல்லதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கலந்து ஒரு காலுக்கு மட்டும் பூசினேன். மரம் பளிச்சென்றது.

ஜூன் 15, ஞாயிறு

சாரல். விடியலில் சுபுஹு தொழ வந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப் பார்க்கிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு. முத்தவல்லி வாசம் வந்த வழியே நடந்து சந்தூக்கிடம் வந்து நின்றார்.

"என்ன வேய் இது, மண்ணெண்ணெய் நாத்தம்? மையித்துக்கு அத்தர் பூசித் தூக்கிட்டுப் போறோம். நீரு கிரசினைப் பூசி வச்சிருக்கீரு."

"டர்பன்டைன் ராவுத்தரே. நம்பர் ஒன்னு."

"நம்பர் ரெண்டு எப்படி இருக்கும்னு அல்லாஹ்தான் அறிவான்."

உதுமானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. அவன் மனைவி சபுரா அவன் வாயைத் துடைத்த துணியை என் கண்ணில் படாமல் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் இவ்வளவு சிரித்துப் பல நாள் ஆகிறது. நான் செய்த தப்பினால் ஒரு நன்மை.

ஜூன் 16, திங்கள்

பூசியதை எல்லாம் துடைத்து, உப்புத்தாள் போட்டு எடுத்தேன். வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காற்று கொண்டுபோகட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடியும் தென்காசி. ஆசாரியிடம் கேட்டதில், நான் வாங்கியது மண்ணெண்ணெய்க்குத் தங்கச்சி என்றும், மரத்திலிருந்து எடுக்கிற டர்பன்டைன் வேறு என்றும் இப்போது சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம். ஆனாலும் இன்னொரு முறை பஸ் பெயர் படிக்கக் கொடுத்து வைத்ததே.

நாலைந்து பெயிண்டுக் கடை ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் அதே தங்கச்சிதான். ஒரு கடைக்காரர், "மாட்டு மருந்துக் கடையில கேளுங்க பாய், வயிறு ஊதுன மாட்டுக்குக் குடுப்பாங்க" என்றார். அங்கே போனேன்.

"மாட்டுக்கு என்ன செய்யுது?" என்றார் கடைக்காரர்.

"மாடு இல்ல தம்பி. சந்தூக்கு."

"அப்படின்னா?"

எங்கள் ஆட்களைத் தூக்கிப் போகிற கட்டில் என்று விளக்கினேன். "அதுக்கு வயிறு ஊதாதே" என்றார். பிறகு பாவப்பட்டு, சரக்கு தீர்ந்துவிட்டது என்றும், கோயில் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கற்பூரத் தைலம் என்று கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு பிள்ளைவாள் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். கேட்டதும், "மூட்டு வலியா?" என்றார்.

"இல்ல ஐயா. மரத்துக்கு."

"மரத்துக்கும் மூட்டு இருக்குல்லா. இருக்கட்டும். வடக்கே மலையில ஊசி எலை மரம் நிக்கும், பைன்னு பேரு. பட்டையைக் கீறுனா பால் வடியும். அதைக் காய்ச்சி எறக்குறதுதான் இது. கற்பூரம் இதுல கெடையாது, வாசத்துக்காக அந்தப் பேரு. நல்லது எது கெட்டது எதுன்னு காட்டுதேன் பாரும்."

என் பையிலிருந்த பெயிண்டுக் கடைச் சரக்கில் ஒரு சொட்டு, அவருடைய தைலத்தில் ஒரு சொட்டு. இரண்டையும் வெள்ளைத் தாளில் விட்டு வைத்தார். பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் கோயம்புத்தூரில். திரும்பிப் பார்த்தபோது அவருடைய சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. என்னுடையது எண்ணெய் வட்டமாக நின்றது.

"வந்த சோலியை முடிச்சுட்டு அடையாளம் இல்லாமப் போறதுதான் நல்ல சரக்கு" என்றார்.

இந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. வேறு கடைக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அல்லாஹ் அவர் பெண்களையும் நன்றாக வைக்கட்டும்.

ஜூன் 18, புதன்

ஒரு துணியில் தைலத்தை நனைத்து உதுமானுக்குக் காட்டினேன். முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தான்.

"காஃபூர்" என்றான்.

உண்மைதான். மையித்தைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்போமே, கிட்டத்தட்ட அந்த வாசம். எனக்கு அப்போதுதான் தோன்றியது. துணியைச் சட்டென்று மடித்தேன்.

"ஏம்ல ஒளிக்கிற? நல்ல வாசம்தான். இதுல படுத்துப் போனா குழியில கேள்வி கேக்க வர்ற மலக்குமார் பாத்துட்டு, இவனை ரெண்டு தடவை குளிப்பாட்டியிருக்கு, சுத்தமான ஆளு போலன்னு நினைச்சுக்கிடுவாங்க."

சபுரா அடுப்படியிலிருந்து, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் போல.

ஜூன் 20, வெள்ளி

முதல் பூச்சு. எண்ணெயும் தைலமும் சமமாகக் கலந்து துணியில் தொட்டுத் தேய்த்தேன். மரம் குடித்தது. நான் தேய்க்கத் தேய்க்க, நோன்பு திறக்கிற மனிதன் மாதிரி குடித்தது. சாம்பல் நிறம் போய் உள்ளேயிருந்து பழைய பொன்னிறம் வந்தது. இத்தனை வருஷம் தடி சுமந்தவன். மரத்தின் கனம்தான் எனக்குத் தெரியும். அதற்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று இன்றுதான் பார்த்தேன்.

ஜும்ஆவுக்கு வந்தவர்கள் இன்று மூக்கைப் பிடிக்கவில்லை. நின்று பார்த்தார்கள். வயதானவர்களுக்கு ஒரே கேலி.

"என் உசரத்துக்குக் காணுமா, கொஞ்சம் அளந்து பாரும் பிச்சை."

"ரொம்பத் தேய்க்காதேயும் வேய். வழுக்கி விட்டுச்சுன்னா நான் எந்திரிச்சு நடந்துதான் போவணும்."

பயந்து விலகிப் போகிறவர்கள் இன்று பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் விடவில்லை. பூச்சு காயவில்லை. மோதினார் தன் அறையிலிருந்த மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து சந்தூக்குக்கு நேராகப் போட்டார். அவருக்கு வேர்க்குமே என்றேன். "சாரல்ல என்ன வேர்வை" என்றார். நல்ல மனிதர்.

ஜூன் 24, செவ்வாய்

உதுமானைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வரத்தான். இரண்டாவது பூச்சு பூசினேன்.

ஜூன் 25, புதன்

மரம் நன்றாகக் காய்கிறது.

ஜூன் 27, வெள்ளி

உதுமான் வீட்டுக்கு வந்துவிட்டான். இனி ஆஸ்பத்திரிக்கே வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவ்வளவு நல்ல வார்த்தையை எந்த டாக்டரும் இதற்கு முன்னால் சொன்னதில்லை. சபுராவுக்குக் களைப்பு. கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மூச்சுக்கு ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தைலக் கையோடு போகக் கூடாது என்று குளித்துவிட்டுப் போனேன். பேப்பரில் ஒரு செய்தி முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். ஓர் இடத்தில் தடுக்கி நின்றேன். அவன் கண்ணைத் திறக்காமலே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தான்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது பூச்சுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். முத்தவல்லி வந்து பக்கத்தில் குந்தினார். விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் மலர்ச்சி.

"நல்லா வந்திருக்கு வேய். நான்கூட நினைக்கல. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. எவர்சில்வர்ல வாங்கணும்னு மொத மொத ஜமாஅத்துல எந்திரிச்சுச் சொன்னதே உம்ம கூட்டாளிதானே. இப்ப அவரே மரத்துலதான் போவேன்னு சொன்னாருன்னா?"

"உதுமானா?"

"பின்ன யாரு? நோம்புக்கு முந்தி. துபாய்க்காரருக்குப் போன் போட்டுப் பேசுனதும் அவருதான்."

உப்புத்தாளைக் கீழே வைத்தேன். நேராக உதுமான் வீட்டுக்குப் போனேன். கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சபுரா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்கு மரமோ தகரமோ, எல்லாம் ஒண்ணுதான் அண்ணே. நீங்க விடிஞ்சா வந்து உக்காந்தா பொழுதடைஞ்சப்பொறம்தான் எந்திரிப்பீங்க. பேச மாட்டீங்க. அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பீங்க. அவரு கண்ணை மூடுனா நீங்க பதறுவீங்க. அது அவருக்குத் தாங்கல. 'சபுரா, இவன் இப்படியே உக்காந்திருந்தா எனக்கு முன்னால இவன் போயிருவான். இவனுக்கு ஒரு சோலி குடுக்கணும்'னாங்க. மறுநாளுதான் அந்தச் சந்தூக்குப் பேச்சு எடுத்தாங்க."

"அப்ப புதுசு எதுக்குக் கேட்டான்?"

"அதுவும் உங்களுக்குத்தான். 'எந்த ஜனாஸான்னாலும் பிச்சை முன்னால போயித் தோளைக் குடுப்பான். மரக்கடையில தேஞ்ச தோளு. அந்தத் தேக்கு அவனைச் சாய்ச்சுரும். கனம் கொறஞ்சதா ஒண்ணு வாங்கிப் போடணும்'பாங்க."

நான் அப்படி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா? எனக்குத் தெரியவில்லை. சும்மா போய் வருவதாகத்தான் நினைத்திருந்தேன்.

உதுமான் விழித்தான். "என்னல, மரம் எப்படி இருக்கு?" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்கு" என்றேன்.

"அப்ப இங்க என்ன செய்யுத? போ, போயிப் பூசு."

போய்ப் பூசினேன்.

ஜூலை 2, புதன்

என் வீட்டுத் திண்டில் சாய்ந்து வெகுநேரம் யோசித்தேன். கோபப்படலாமா என்று பார்த்தேன். வரவில்லை. ஒருவன் தன் மூச்சுக்கே சிலிண்டர் வைத்துக்கொண்டு என் தோளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான். எனக்கு எழுத்துக் கொடுத்தது போதாது என்று வேலையும் கொடுத்திருக்கிறான். இதற்கு எப்படி நன்றி சொல்வது? சொன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

ரகுமத்திடம் சொன்னேன். "நீங்க அங்க பித்துப் புடிச்ச மாதிரி இருந்தீங்க. நான்தான் சபுராகிட்டச் சொன்னேன், எதாவது செய்ங்கன்னு" என்றாள். எல்லாரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சந்தூக்கைச் சுற்றிக் கூட்டம். முத்தவல்லி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு மல் துணியை எடுத்தார். மையித்துக்குச் சுற்றுகிற கஃபனுக்கு வாங்குகிற துணிதான். நூல் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. அதைக் கையில் சுற்றிக்கொண்டு கால், விட்டம், கைப்பிடி, அடிப்பலகை என்று ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனார். ஒரு சிராய் இருந்தாலும் துணியை இழுத்துவிடும். மூலையில், நான் அந்த மண்ணெண்ணெய்ச் சரக்கைப் பூசிய காலருகில் கொஞ்சம் நின்றார். மறுபடியும் தேய்த்தார். துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூல் ஒன்றும் அறவில்லை.

"அடுப்புக்கு வேற வெறகு பாத்துக்கிடுங்கப்பா" என்றார்.

எவர்சில்வர் சந்தூக்கும் வரத்தான் போகிறது. பணம் கொடுத்தவர் மனது நோகக் கூடாது. இரண்டும் இருக்கட்டும், அந்தந்த வீட்டார் கேட்கிறதைக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள். அப்படியே ஓடினேன் உதுமானிடம்.

"பாஸாயிருச்சுல" என்றேன்.

அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. உதட்டருகே காதை வைத்தேன்.

"சந்தோசமா?"

"சந்தோசம். உனக்கு?"

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். சந்தோஷம் என்று அர்த்தம். அவன் விரும்பியது எனக்குத் தெரியும் என்று நான் காட்டவில்லை. அது எனக்குத் தெரியாது என்று அவன் நிம்மதியாக இருந்தான். அல்லது எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கலாம். தபால்காரன் அல்லவா. உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவான்.

ஜூலை 9, புதன்

உதுமான் இன்று சுபுஹு நேரத்தில் மவுத்தானான். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

ஜூலை 11, வெள்ளி

இப்போது எழுத முடிகிறது.

அன்று உதுமானின் மகன் ஜாபர் சென்னையிலிருந்து வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. குளிப்பாட்டும்போது நானும் தண்ணீர் ஊற்றினேன். கஃபன் இட்டு முடிந்ததும் முத்தவல்லி முற்றத்துக்கு வந்தார். புதுச் சந்தூக்கும் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் கொட்டகையில் மரத்தின் பக்கத்தில் நிற்கிறது.

"எதைக் கொண்டு வரட்டும்?" என்று ஜாபரைக் கேட்டார்.

ஜாபர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முத்தவல்லிக்கு உண்மை தெரியும். சபுராவுக்கும் தெரியும். உதுமான் கேட்டது மரம். உதுமான் விரும்பியது லேசானது. இரண்டில் எதைச் சொன்னாலும் அவன் சொன்னதாகத்தான் ஆகும்.

"மரம்" என்றேன். அவன் வாயால் என்னிடம் கேட்டது அதைத்தான்.

முன் பக்கத்து வலது காலை ஜாபர் எனக்கு விட்டுக்கொடுத்தான். தோளில் வைத்தேன். சிராய் இல்லை, முள் இல்லை. குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது மரம். கனம் மட்டும் பழைய கனம்தான். உதுமானிடம் கனமே இல்லை. மெலிந்துபோயிருந்தான். தூக்கியது முழுவதும் தேக்கைத்தான். தெரு முனை வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. காட்டிக்கொள்ளாமல் நடந்தேன். ஜாபர் என் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தான்.

"விடுங்க மாமா. உங்களைத் தெரு முனைக்கு மேல தூக்க விடக் கூடாதுன்னு வாப்பா சொல்லியிருக்காங்க."

விட்டேன். எங்கள் வழக்கப்படி ஒருவர் நாலு அடி தூக்கி அடுத்தவருக்குக் கொடுப்பார். கலிமாச் சொல்லிக்கொண்டே தோள் மாறித் தோள் மாறிச் சந்தூக்கு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதன் ஓரம் பட்டுவிடுமோ என்று துண்டை மடித்து வைத்துத் தோள் கொடுப்பார்கள். அன்று யாரும் துண்டைத் தேடவில்லை. சாரல் விழுந்தது. மரத்தின் மேல் விழுந்த தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது.

நான் பின்னால் நடந்துதான் போனேன். கையை வீசிக்கொண்டு, ஒரு சுமையும் இல்லாமல். எந்த ஜனாஸாவிலும் நான் அப்படிப் போனதில்லை. அவனை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டே போக முடிந்தது.

மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சபுராவைப் பார்க்க ரகுமத்தும் நானும் போனோம். கஞ்சி கொண்டுபோனோம். குடித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

இன்று சந்தூக்கைத் துடைத்து ஒரு லேசான பூச்சு கொடுத்தேன். பாட்டிலில் தைலம் கொஞ்சம்தான் மீதி. அடுத்த வாரம் தென்காசி போக வேண்டும். பிள்ளைவாளையும் பார்த்து நன்றி சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் புதிய சந்தூக்கின் பிளாஸ்டிக் தாளை நானே பிரித்தேன். பளபளவென்று இருக்கிறது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரலில் எழும்பி வந்தது. நல்ல சாமான்தான். உதுமான் பார்த்துச் சொன்ன சாமான் வேறு எப்படி இருக்கும்.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய வந்த முத்தவல்லியிடம் சொன்னேன்.

"ராவுத்தரே, என் முறை வரும்போது என்னை இதுல தூக்குங்க."

அவர் கையில் இருந்த தண்ணீர் வழிந்து போனது. "என்ன வேய் சொல்லுதீரு? அந்த மரத்துக்கு இவ்வளவு பாடுபட்டுட்டு?"

"அது நல்லாத்தான் இருக்கு. கேக்குறவங்களுக்குக் குடுங்க. எனக்கு இதுதான். தூக்குறவங்களுக்கு லேசு."

அவர் சரி என்று தலையை அசைத்தார். அவசரம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.